உள்பலகைக்கு அந்தப் பக்கம்

செல்போன் லைட்டை அணைங்க... சான்ட்ரா, உன்னைத்தான். பயந்தா எந்திரிச்சுப் போய்ப் படு. நடுவுல கத்தக் கூடாது.

இது நம்ம சித்தீக்கோட மாமா ஜெக்கரியா பாய் கண்ணால பார்த்தது. தொண்ணூத்தாறுல. மதியம் ரெண்டு மணி. பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு யாரு சொன்னது? நாகூர்ல வெட்டாத்துக் கரையோரமா ஒரு மண் ரோடு. ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு. ஈ காக்கா இல்லை. அந்த ரோட்டுக் கடைசியிலதான், சவுதியிலேர்ந்து வந்த கையோட பாய் வாங்கின பழைய மரப் படகு கிடந்துச்சு.

படகு நல்ல படகு. கேபின் உள்பலகைதான் தண்ணி குடிச்சு, கை வச்சா புட்டு மாதிரி உதிருது. அதை மாத்த சவரிராஜ்னு ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டாரு. ஒன்றரை வருஷம் முன்னாடி அந்தப் பலகையை அடிச்சதே அவருதான்.

அப்ப படகு ஒரு ஏஜென்ட் கையில இருந்துச்சு. பாஸ்போர்ட் இல்லாதவங்களை மலேசியாவுக்கு அனுப்புறவன். வெளிப்பலகைக்கும் உள்பலகைக்கும் நடுவுல ஒன்றரை அடி இடம் விடச் சொன்னான். "சாமான் வைக்க"ன்னான். சாமானாம்... மேஸ்திரியும் தலையை ஆட்டினாரு. நம்பினாரான்னு என்னைக் கேக்காதீங்க.

அவருக்கு ஒரே மகன், ஜோசப்ராஜ். ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலை. அப்பா இந்தப் பக்கம் ஆணி அடிப்பாரு. மகன் உள்ள நின்னு, துருத்திக்கிட்டு வர்ற முனையை மடக்கி அடிப்பான். நடுவுல பலகை, முகம் தெரியாது. அதனால மகன் ரெண்டு தட்டு தட்டுவான். டொக்... டொக். 'நான் தயார், அடிங்க'ன்னு அர்த்தம். பத்து வருஷப் பழக்கம்.

ஏஜென்ட் வேலை முடியிற அன்னைக்கு மகன் வரலை. மெட்ராஸ் போறேன்னு காலையிலேயே கிளம்பிட்டான். மேஸ்திரி தனியா கடைசிப் பலகையை அடிக்கிறாரு...

உள்ளேர்ந்து டொக், டொக்.

பழகின கை. அடிச்சிடுச்சு. அடிச்சப்புறம்தான் உறைக்குது. பக்கத்துல நின்ன ஏஜென்ட்டைத் திரும்பிப் பார்த்தாரு. "சாமான் சரியுது மேஸ்திரி, நீங்க அடிங்க"ன்னான். மிச்ச ஆணியையும் அடிச்சாரு. படுபாவி... அடிச்சாரு.

மலேசியா போன படகு திரும்பி வந்துச்சு. மகன் வரலை. கடுதாசி இல்லை, போன் இல்லை. அவன் மெட்ராஸ் பஸ்ஸே ஏறலைன்னு ரொம்ப நாள் கழிச்சுத் தெரிஞ்சுது.

இப்ப அந்தப் பலகையைப் பிரிக்கணும். பாய் பக்கத்துலயே நின்னாரு. தண்ணி ஊறினது கீழேர்ந்து இல்லை... உட்கார்ந்த ஆளோட வாய் உயரத்துல, வரிசையா, வட்டம் வட்டமா ஊறியிருந்துச்சு. பாய் பார்த்தாரு. மேஸ்திரி பார்க்கலை.

பிரிச்சாச்சு. உள்ள ஒண்ணுமே இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை. டீசல் வாடையும் ஊறின மரவாடையும்தான். மேஸ்திரி தரையில உட்கார்ந்து அழுதாராம். "என் புள்ள கரை ஏறிட்டான் பாய்"னு சிரிச்சுக்கிட்டே அழுதாராம்.

அப்புறம் என்ன வேகம்! புதுப் பலகையெல்லாம் மளமளன்னு ஏறுது. கடைசிப் பலகை. பன்னெண்டு ஆணி.

டொக், டொக். அடிச்சாரு. டொக், டொக். அடிச்சாரு. மூணாவதும் அடிச்சாச்சு. நாலாவது ஆணிக்குத்தான் சுத்தியல் அந்தரத்துல நின்னுச்சு.

கடப்பாரையை விட்டு நெம்பினாரு. பலகை வரலை. மூணே ஆணி, வர மாட்டேங்குது. பின்னாடி இருந்த கட்டையோட சேர்த்துப் பேத்தெடுத்தப்பதான் ஏன்னு தெரிஞ்சுது. மூணு முனையும் மடங்கியிருந்துச்சு... அழகா, படிய. உள்ள ஆள் இல்லை. பாய் ஒரு முனையைத் தொட்டாரு. அப்பத்தான் மடக்கின சூடு.

"வாங்க மேஸ்திரி, போயிடலாம்"னு பாய் கையைப் பிடிச்சு இழுத்தாரு. மேஸ்திரி வரலை. அந்தப் பலகையையே தூக்கித் திருப்பி வச்சாரு. அடிச்சாத்தானே மகன் தட்டுவான்? மகன் குரலுன்னு அவருக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான்.

பாய் மேல்தட்டுக்கு ஓடியாந்துட்டாரு. கீழேர்ந்து கேக்குது. டொக், டொக்... ஒரு அடி. டொக், டொக்... ஒரு அடி. பதினோரு ஆணி.

பன்னெண்டாவதுக்குத் தட்டு வரலை.

"தட்டுடா ஜோசப்பு"ன்னாரு மேஸ்திரி. வரலை. "அப்பா நிக்கிறேன்டா... ஒரு தடவை தட்டுடா." கெஞ்சினாராம். ரொம்ப நேரம் கெஞ்சினாராம். உள்ள சத்தமே இல்லை.

அப்புறம்... அன்னைக்கு மாதிரியே, அந்த ஆணியையும் அடிச்சாரு.