நாள் தெரியாட்டி அமாவாசை

ஹலோ... ஓம், ஓம்... டிலக்ஷன்தான் கதைக்கிறன்... ஓம், மெசேஜிலை கீழை கிடக்கிறது என்ரை நம்பர்தான். நீங்கள் ஆர் அம்மா?... இராசமலர்... சண்டிலிப்பாய்... சரி, சொல்லுங்கோ.

ஓம், காலமை வந்த மெசேஜ். 'அமரர் சிவதர்ஷன் அவர்களின் திதி நாளை, பங்குனி அமாவாசை.' ஓம், எங்கடை வெப்சைட் அனுப்பினதுதான்... உங்கடை மகனோ?... சரி அம்மா. அதிலை என்ன பிழை? பேர் பிழையோ?... பேர் சரி. அப்ப?

...என்னம்மா?

...ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ.

...ஓ.

இல்லை, நிக்கிறன், லைனிலைதான் நிக்கிறன்... இல்லை அம்மா, எனக்குத் தெரியாது. அவர் காணாமல் போனவர் எண்டு இப்ப நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்... இல்லை, எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. எந்த ஆமிக் காம்பிலையிருந்தும் ஒரு தகவலும் வரேல்லை... அம்மா, அழாதேங்கோ. நான் சொல்லுறதை ஒருக்கால் கேளுங்கோ...

நான் ஆற்றை மகனோ? உரும்பிராய், பஞ்சலிங்கத்தாற்றை மகன். சந்தியிலை சைக்கிள் கடை வைச்சிருந்தவர்... ஓம், ஓம், அவர்தான்... ஆமிக்காரரோடை எனக்கு என்ன பழக்கம் அம்மா... வேலையோ? வெப்சைட் செய்யிறது. கம்பியூட்டர் வேலை... இல்லை, கவண்மேந்து இல்லை. கம்பஸ் படிப்புக் கிடைக்கேல்லை, ரவுணிலை ஒரு கோர்ஸ் படிச்சனான். முதல் ஒரு கலியாண மண்டபத்துக்குச் செய்து குடுத்தன், பிறகு ஒரு நகைக்கடைக்கு. பிறகு கொழும்பிலை கம்பனி. கொரோனாவோடை வீட்டை வந்திட்டன். இப்ப இஞ்சை இருந்துகொண்டு டென்மார்க்கிலை ஒரு சப்பாத்துக் கடைக்கு... ஓம், சப்பாத்துத்தான், அதை இன்ரநெற்றிலை விக்கிறதுக்கு... மிச்ச நேரத்திலையோ? புறா வளர்க்கிறன். பின்னேரம் வாலிபோல். எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் அவ்வளவு பேரும் அதுக்கைதான் அம்மா. உங்கடை மகனைப் பற்றி எனக்கு வந்து சொல்லக்கூடிய ஆள் ஒருத்தரும் இல்லை.

அதைத்தான் சொல்ல வாறன். இது சம்பளத்துக்குச் செய்யிற வேலை இல்லை. வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை சனத்துக்குத் திதி எப்ப வருது எண்டு தெரியாது. என்ரை பெரியம்மா லண்டனிலையிருந்து ஒவ்வொரு வருசமும் எடுத்து, பெரியப்பாவின்ரை திவசம் எப்ப எப்ப எண்டு கேப்பா. அவவுக்கெண்டு துவங்கினதுதான் இந்த சைட். செத்த நாளைப் போட்டுவிட்டா, அது பஞ்சாங்கத்தைப் பாத்து, திதிக்கு முதல் நாள் குடும்பத்துக்கு மெசேஜ் அனுப்பும்...

ஓம்... ஓம், கேக்கிறன்... நாள் எங்கையிருந்து வந்ததோ?

அம்மா, உங்கடை மகன்ரை பதிவிலை மாசமும் வருசமும்தான் கிடக்குது. நாள் இல்லை, வெறுமையா விட்டிருக்கினம். அப்பிடி விட்டா அமாவாசையை எடு எண்டு நான்தான் எழுதி வைச்சனான். எங்கடை வழக்கம் அதுதானே, நாள் தெரியாட்டி அமாவாசையிலை செய்வினம்... ஓம். நாளை மறந்துபோன ஆக்களை நினைச்சு எழுதினது. செத்தாரோ இருக்கிறாரோ எண்டு தெரியாத ஒருத்தரின்ரை பேர் அதுக்கை வரும் எண்டு நான் யோசிக்கவே இல்லை அம்மா. யோசிச்சிருக்கவேணும்.

இல்லை... அண்டைக்கும் நிலவில்லை எண்டுறியள்... மகனைக் கூட்டிக்கொண்டு போகேக்கை முகம் தெரியேல்லை... ஓம்... ஓம் அம்மா... இருட்டாத்தான் இருந்திருக்கும். ஆனா இந்தக் கம்பியூட்டருக்கு அது தெரியாது. அது ஒண்டையும் காணேல்லை.

என்ன?... ஐயரிட்டைச் சொல்லிட்டியளோ? எப்ப?... மெசேஜைப் பாத்த கையோடை... நாளைக்குத் திதி குடுக்கக் கீரிமலைக்கு ஓட்டோவும் பிடிச்சாச்சு...

அம்மா, வேண்டாம்... வேண்டாம் அம்மா, போகாதேங்கோ... இத்தனை வருசத்துக்குப் பிறகு ஒரு நாளெண்டாலும் கிடைச்சுதே எண்டு நினைக்கிறியள். எனக்கு விளங்குது. ஆனா அது கிடைச்ச நாள் இல்லை. நான் எழுதின ஒரு வரி போட்ட நாள். அதை நம்பி நீங்கள் பிள்ளைக்குப் பிண்டம் வைக்கப்படாது.

...பேரை ஆர் தந்தது எண்டோ?

அதைச் சொல்லக்கூடாது அம்மா. பதியிற ஆக்களுக்கு அப்பிடி ஒரு வாக்குக் குடுத்திருக்கிறன்... இல்லை, அவர் செத்ததைக் கண்டவை ஒருத்தரும் தரேல்லை... இல்லை, ஒளிக்கேல்லை... அம்மா, நான் என்னண்டு உங்களுக்கு...

படமோ? ஓம், ஒரு படம் போட்டிருக்கினம். இந்தா, இப்ப எனக்கு முன்னாலைதான் திறந்து கிடக்குது... நீலக் கோடு போட்ட சேட். தலையை நல்லா இழுத்து வாரியிருக்கிறார். பின்னுக்குக் கல்லு அடுக்கின மதில், பூசேல்லை... ஓம், சிரிக்கிறார். பக்கத்திலை நிண்ட ஆளை வெட்டி எடுத்திருக்கினம், ஆனா கை மட்டும் அவற்றை தோளிலை கிடக்குது. சின்னப் பிள்ளையின்ரை கை, சிவப்புக் காப்பு...

அம்மா?

...அம்மா, நிக்கிறியளோ?

...ஓம்... ஓம்... அது மகளின்ரை கையோ... அந்தப் படம் ஒண்டுதான் இருந்ததோ... நோர்வேக்குப் போகேக்கை கொண்டு போனவவோ...

...

நான் இதைச் சொல்லப்படாது. ஆனா இல்லை எண்டு சொன்னா, அவர் செத்ததைக் கண்ட ஆரோதான் பேரைத் தந்தது எண்டு நீங்கள் நம்பிக்கொண்டு நாளைக்குப் போயிடுவியள். ஓம் அம்மா. துஷாந்தினிதான் பதிஞ்சவ. உங்கடை மகள்தான்.

...

...குடும்பத்து ஆக்களின்ரை நம்பர் கேக்கிற இடத்திலை உங்கடை நம்பரைப் போட்டிருக்கிறா. அதுக்கு மெசேஜ் போகும் எண்டு அவவுக்கு விளங்கியிருக்காது. உங்களை நோகடிக்கச் செய்திருக்கமாட்டா... ஓம்... கோவம் இல்லையோ... தனிய வைச்சு அழுதிருப்பாள் எண்டுறியள்... ஓம்... உங்களிட்டை வாய் திறக்க அவவுக்குப் பயமா இருந்திருக்கும்... ஓம் அம்மா.

இப்பவே அழிச்சுவிடுறன். பேர், படம், எல்லாத்தையும்... வேண்டாமோ?... ஏன்?...

...அவ அங்கை விளக்கு வைக்கட்டும்... சரி... நீங்கள்?... நீங்கள் வைக்கமாட்டியள்... ஓம். விளங்குது... இல்லை, உங்களுக்குத் தெரியும் எண்டு அவவுக்குச் சொல்லமாட்டன். உங்கடை நம்பரை மட்டும் அதிலையிருந்து எடுத்துவிடுறன், இனி ஒரு வருசமும் மெசேஜ் வராது... ஐயரிட்டை நீங்களே சொல்லுவியளோ? சரி. ஓட்டோக்காரருக்கும் சொல்லிவிடுங்கோ.

அம்மா, நான் ஒருக்கால் நேரிலை வந்து... ஏன், என்ன அவசரம்?... கன நேரம் கதைச்சிட்டமோ?... ஓம், என்ரை காசு போகட்டும், நான் திருப்பி எடுக்... அதில்லையோ?...

...ஆர் எடுக்கிறது?

...

...ஓம்... மகனுக்கு இந்த நம்பர்தான் பாடமோ... அண்டையிலையிருந்து மாத்தவே இல்லையோ...

ஓம் அம்மா. ஓம், ஓம், லைன் பிசியா இருந்தா அவர்... இல்லை, இனி நான் எடுக்கமாட்டன். வைக்கிறன் அம்மா, இந்தா வைக்கிற—