மார்கழி ஒன்று என்று நான் சொன்ன விதம்

என் பெயர் நாகமணி. வயது நாற்பத்தெட்டு. தகப்பனார் பெயர் ஜனகராஜ், காலமாகிவிட்டார். எம்.ஏ. (வரலாறு), எல்.டி. படித்திருக்கிறேன். மதுரையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. சோழவந்தானில் ரயிலடிக்கு அடுத்த தெருவில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். பிறந்த ஊர் மதுரை. பிறந்த வீட்டில் ஆட்களும் அதிகம், பேச்சும் அதிகம் என்பதால் எட்டு வருடத்துக்கு முன் இங்கே குடிவந்தேன்.

இன்று 20-1-1972 வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ராணுவச் சிப்பாய் விருமாண்டியின் விடுப்பு நிறுத்தப்பட்டது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விருமாண்டியை நான் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனார் நல்லகாமன் என்பவரைத் தெரியும். நல்லகாமன் இந்த ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். நான் பள்ளிக்குப் போகும் காலை பாசஞ்சர் ரயிலில் அவரும் வெற்றிலைக் கூடைகளுடன் மதுரைக்கு வருவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். அவர் கூடையை என் காலடியில் வைப்பார். எட்டு வருடமாக எங்களுக்குள் இருந்த பழக்கம் இதுதான்.

சென்ற டிசம்பர் மூன்றாம் தேதி பாகிஸ்தானுடன் போர் தொடங்கியது. அதன் பிறகு எங்கள் பள்ளியில் மைதானத்தின் நடுவே பதுங்கு குழி வெட்டினார்கள். அதில் ஊற்றுத் தண்ணீர் வந்து தவளைகள் சேர்ந்துவிட்டதால், விமானம் வந்தாலும் வகுப்பிலேயே இருப்பது என்று மாணவிகள் முடிவு செய்தார்கள். அதற்கு முன்பே, நவம்பரிலேயே, எல்லையில் இருக்கும் ஜவான்களுக்குக் கம்பளித் தொப்பி பின்னி அனுப்பும்படி உத்தரவு வந்திருந்தது. அந்த வேலைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். மதுரையில் கம்பளி உடுத்தும் அளவுக்குக் குளிர் வருவதில்லை என்பதால் என் மாணவிகள் யாரும் அதற்கு முன் அந்த மாதிரித் தொப்பியைப் பார்த்ததில்லை. அவரவர் வீட்டுத் தொட்டில் குழந்தையின் தலையை அளவு வைத்துப் பின்னினார்கள். அவற்றைப் பிரித்துத் திருத்துவதற்காக நான் வீட்டுக்கு எடுத்துப் போய்வந்தேன். மூட்டையின் மேல் 'ஜவான்களுக்கு' என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டை தைக்கப்பட்டிருந்தது. இந்த அட்டையால்தான் எல்லாம் வந்தது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் ஆறாம் தேதி திங்கட்கிழமை நல்லகாமன் அந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எட்டு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார். "டீச்சரம்மா, சண்டை எப்ப முடியுமாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மறுநாளும் கேட்டார். தெரியாது என்றேன். எட்டாம் தேதி வாடிப்பட்டிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியும்ப்பா. ராணுவத்துக்கே தொப்பி குடுக்குறவுக. வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவா இருக்கும்" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை, மதுரை வந்து சேர்வதற்குள் ஆறு தடவை கேட்டார். ஆறாவது தடவை கூடை என் பத்திரிகையின் மேல் இருந்தது. அப்போது நான், "மார்கழி ஒண்ணாம் தேதி முடியும்" என்று சொன்னேன்.

ஏன் அந்தத் தேதியைச் சொன்னேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சொல்வதாவது: மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் வெற்றிலைக்கு விலை கிடையாது. அந்த மாதம் முழுவதும் நல்லகாமன் ரயிலில் வரமாட்டார் என்பது என் எட்டு வருட அனுபவம். அவர் வராவிட்டால் கேள்வியும் வராது. ஆகவே அவர் கேள்விகள் என்றைக்கு நிற்குமோ அந்தத் தேதியைச் சொன்னேன். போரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வெற்றிலை ஏற்றிப்போகும் ரயில்கள் தாமதமாவதால்தான் அவர் விசாரிக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மகன் ராணுவத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இன்று அவரிடம் கேட்டேன். "ரயிலு டேசன்ல படம் போட்டு ஒட்டியிருந்தாகளே, பட்டாளத்து ஆளுக எங்க இருக்காகன்னு யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு" என்றார். எனக்குத் தெரிந்து அந்தச் சுவரொட்டியில் உள்ளபடி நடந்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு நடந்தது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. இன்று தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அன்றே நல்லகாமன் வெற்றிலை மண்டிக் கணக்கர் சுருளி என்பவரிடம் போய் மகனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். 'மார்கழி ஒண்ணாந்தேதி சண்டை முடிஞ்சிரும், தைரியமா இரு' என்று மட்டும்தான் அவர் சொன்னாராம். வெளியூர் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதிப் பழகிய சுருளி, அதற்கு முன்னால் 'தக்க இடத்திலிருந்து கிடைத்த நம்பகமான தகவலின்படி' என்று சேர்த்திருக்கிறார். கடிதம் டிசம்பர் பத்தாம் தேதி முத்திரையுடன் போயிருக்கிறது.

மார்கழி ஒன்றாம் தேதி, அதாவது டிசம்பர் பதினாறு, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அன்று மாலை ரேடியோவில் கேட்டேன். பயமாக இருந்தது. மறுநாள் காலை நல்லகாமன் கூடை இல்லாமல் பிளாட்பாரத்துக்கு வந்து, ஜன்னல் வழியாக என் மடியில் ஒரு கவுளி வெற்றிலையை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தகவலுக்குக் கைமாறு ஏதும் பெற்றீர்களா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, மேற்படி ஒரு கவுளி பெற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் வெற்றிலை போடுவதில்லை. பள்ளிக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

கடிதம் போர் முடிந்து நாலாம் நாள் விருமாண்டியின் படைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரி, போர் முடியும் தேதியை ஆறு நாளுக்கு முன்பே சோழவந்தானில் அறிந்த அந்தத் தக்க இடம் எது என்று கேட்டிருக்கிறார். அது தெரியும்வரை விருமாண்டிக்கு விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டு, மேலே எழுதியிருக்கிறார். அது பல ஊர் சுற்றி இந்த நிலையத்துக்கு வந்தது.

திங்கட்கிழமை முதல் நல்லகாமனைக் காலையில் வரச் சொல்லி மாலையில் அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவர், "தலையே போனாலும் அந்த அம்மா பேரச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு பெண் என்பது மட்டும் தெரிந்து, தபாலாபீஸ் அம்மாவையும் ஆஸ்பத்திரி நர்சையும் விசாரித்திருக்கிறார்கள். இன்று காலை ரயிலில் சுருளி, அந்தப் பெண் நான்தான் என்று தெரியாமல், ஊர்ச் செய்தியாக இதை என்னிடம் சொன்னார். பள்ளி முடிந்ததும் வந்துவிட்டேன்.

நான் வந்தபோது நல்லகாமன் பெஞ்சில் இருந்தார். அவர் மனைவி அன்னக்கொடி வாசல்படியில் இருந்தார். என்னைக் கண்டதும் நல்லகாமன் எழுந்து, "இந்தம்மாவை நான் பார்த்ததே இல்லைங்கய்யா" என்றார். சப்-இன்ஸ்பெக்டர், "நான் இன்னும் கேக்கவே இல்லையேய்யா" என்றார்.

அதன் பிறகு மேலே கண்டதை நான் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. எந்தப் பத்திரிகையில் வந்தது என்று கேட்டார். எதிலும் வரவில்லை என்றேன். தெரிந்தவர்கள் யாராவது தில்லியில் இருக்கிறார்களா என்றார். தம்பி ஹரிராம் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் இருக்கிறான், அதற்கு மேல் யாரும் இல்லை என்றேன். "வரலாறு படிச்சிருக்கீங்களே டீச்சர், அதுல இதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?" என்றார். வரலாறு படித்தவர்களுக்கு நடந்து முடிந்தது மட்டும்தான் தெரியும், அதிலும் பாதி சந்தேகம் என்றேன்.

எனக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது என்பதற்குச் சான்றாக, சீனப் போர் பத்து வருடம் நடக்கும் என்று 1962-இல் ஆசிரியர் அறையில் நான் சொன்னதையும், பத்தாம் வகுப்பில் தேறவே மாட்டாள் என்று நான் சொன்ன பெண் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்ததையும், மழை வராது என்று சொல்லி நான் தேதி குறித்த விளையாட்டு விழாவில் பந்தல் விழுந்ததையும் தெரிவித்தேன். மூன்றுக்கும் சாட்சிகள் உண்டு. இதுவரை சரியாகச் சொன்னது மேற்படி ஒன்றுதான்.

"அப்ப சும்மா அடிச்சு விட்டிருக்கீங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஆம் என்றேன். ராணுவத்துக்குப் போகும் காகிதத்தில் அப்படி எழுத முடியாது என்றார். 'யூகமாக' என்று எழுதலாமா என்றார். யூகம் என்றால் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும் என்று மறுத்தேன். வாக்குமூலத்தை எழுதும் ரைட்டர் மொக்கையன் தாமாகவே 'தீர்க்கதரிசனமாக' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். முடிவில் 'எவ்வித ஆதாரமும் யோசனையும் இன்றி, எதிரில் இருப்பவரின் வாயை அடைக்கும் நோக்கத்துடன்' என்று எழுத இருவரும் சம்மதித்தோம்.

இந்த இடத்தில் ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டு, திருவாதவூர்ப் பக்கம் தமக்கு மாறுதல் எப்போது கிடைக்கும் என்று மெதுவாக என்னிடம் கேட்டார். கேட்டதை எழுத வேண்டாம் என்றார். நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லும்படி எனக்குச் சொல்லியிருப்பதால் எழுதச் சொல்கிறேன்.

அதன் பிறகு அன்னக்கொடி உள்ளே வந்து, மடியிலிருந்து மகனுடைய கடிதத்தை எடுத்து, படிக்கும்படி என்னிடம் கொடுத்தார். சுருளி ஏற்கெனவே படித்துக் காட்டியதுதானாம். சுருளி எதையாவது சேர்த்துப் படித்திருப்பார் என்று அவருக்குச் சந்தேகம். நான் உரக்கப் படித்தேன். அதில், 'என்னுடன் இருப்பவர்கள் அவர்களுடைய லீவு எப்போது என்றும் அய்யாவிடம் கேட்டு எழுதச் சொல்கிறார்கள்' என்றும், 'இங்கே குளிர் தாங்க முடியவில்லை, கம்பளித் தொப்பி கொடுத்தார்கள், பச்சைப் பிள்ளைக்குப் பின்னியது போல் இருக்கிறது, தலையில் ஏறவில்லை, இடது கையில் மாட்டியிருக்கிறேன், வலது கைக்கும் ஒன்று கிடைத்தால் நல்லது' என்றும் இருந்தது. அது எங்கள் பள்ளியில் பின்னியதுதான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கடைசி இரண்டு வரிகளைப் படிக்கும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

அன்னக்கொடி தம் கணவரிடம், "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா புள்ள பொங்கலுக்கே வந்துருப்பான். ஊருக்கெல்லாம் சண்டை முடிஞ்சிருச்சு, என் வீட்லதேன் முடியல" என்றார். என்னிடம், "ஆனா நீங்க சொன்னீகன்னு இவுக வந்து சொன்ன அன்னைக்குத்தேன் ஆத்தா நான் ஒரு வாய் கஞ்சி குடிச்சேன். அதுக்கு முந்தி அஞ்சு நாளு ஒண்ணும் எறங்கல" என்றார்.

இந்த வாக்குமூலம் போய்ச் சேர்ந்தால் விடுப்பு கிடைத்துவிடும் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். எத்தனை நாளாகும் என்பதை அவர் சொல்லவில்லை. அப்போது நல்லகாமன் என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, எம்மவன் எப்ப வருவான்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அதெல்லாம் தெரியும், சொல்லுங்க" என்றார். இவ்வளவு நேரமாக எனக்கு எதுவும் தெரியாது என்று நான் சொன்னதை அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சிவராத்திரிக்குக் குலசாமி கோயில்ல சாமிப் பொட்டி தூக்க அவன் வேணும்" என்றார். மறுபடியும் தெரியாது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்னக்கொடி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான், "சிவராத்திரிக்கு முந்தின நாள் வந்துவிடுவான்" என்று சொன்னேன்.

ரைட்டர் உடனே தேதியைக் குறித்துக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இதையும் எவ்வித ஆதாரமும் இல்லாமல்தான் சொன்னேன் என்று இப்போதே பதிவு செய்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். இது பலித்தால் அதற்காகத் தனி விசாரணை தேவையில்லை. பலிக்காவிட்டால் நல்லகாமனுக்கு நான் ரயிலில் நேரில் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

எழுதியதை நானே இருமுறை படித்துப் பார்த்து, நாலு இடத்தில் திருத்தினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கடைசியில் சொன்ன தேதி நீங்கலாக, இதில் உள்ள யாவும் நான் அறிந்தவரை உண்மை.

(ஒப்பம்) ஜ. நாகமணி, எம்.ஏ., எல்.டி.
20-1-1972, இரவு ஏழே கால்