தள்ளிப்போட்ட பத்து வாக்கியங்கள்

ஹலினா: மூணுதான் எழுதியிருக்கேன்.

வியோலா: மூணா! பத்து கேட்டாங்க அண்ணி. ஏழு மணிக்கு இங்கிலீஷ் வகுப்பு... விரிப்போட அந்த முனையைப் பிடிங்க.

ஹலினா: பிடிச்சிருக்கேன், இழுக்காதே. நேத்து முழுக்க யோசிச்சேன் டி. ‘புட் ஆஃப்’. தள்ளிப்போடறது. அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குப் பத்து?

வியோலா: நுவாலா டீச்சர் அப்படித்தான். போன வாரம் ‘கிவ் அப்’ குடுத்தப்போ, அந்த லிதுவேனியாக்காரர் பத்து வாக்கியத்துலயும் சிகரெட்டை விட்டாரே!

ஹலினா: வகுப்பு முடிஞ்சதும் வாசல்லயே நின்னு பத்த வெச்சாரே!

வியோலா: அதைப் பார்த்துட்டாங்க. அதான் இந்தத் தடவை சட்டம் போட்டுட்டாங்க. எல்லாம் நிஜமா இருக்கணும், சொந்த வாழ்க்கையிலேர்ந்து இருக்கணும், எழுந்து நின்னு படிக்கணும்.

ஹலினா: அதுதான் வம்பு.

வியோலா: என்ன வம்பு?

ஹலினா: நீ பக்கத்துல உட்கார்ந்து கேட்பியே.

வியோலா: நான் கேட்கக் கூடாத நிஜம் உங்ககிட்ட என்ன இருக்கு?

ஹலினா: ஒண்ணுமில்ல. தலையணை உறையைக் குடு.

வியோலா: மொதல்ல அந்த மூணையும் படிங்க.

ஹலினா: கை வேலையா இருக்கு... சரி, மனசுலயே இருக்கு. “மழை வந்ததால துணி காயப்போடறதை புட் ஆஃப் பண்ணினேன்.”

வியோலா: நல்லாத்தானே இருக்கு! இந்தக் கெர்ரி ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் அது நிஜம். அடுத்தது?

ஹலினா: “மறுநாளும் மழை வந்ததால மறுபடியும் புட் ஆஃப் பண்ணினேன்.”

வியோலா: அண்ணி!

ஹலினா: “துணி இன்னும் ஈரமாத்தான் இருக்கு.”

வியோலா: இதுல புட் ஆஃப்பே இல்லையே!

ஹலினா: அதனாலதான் மூணோட நிறுத்திட்டேன்.

வியோலா: ஐயோ... சிரிக்க வைக்காதீங்க, மூலை ஒழுங்கா மடியல. இந்த ஹோட்டல்ல இன்னும் எட்டு அறை பாக்கி. ஒரு படுக்கைக்கு ஒரு வாக்கியம், சரியா? சாயங்காலத்துக்குள்ள கணக்கு சரியா வந்துடும்.

ஹலினா: நீ எழுதிட்டியா?

வியோலா: ஒன்பது முடிச்சிட்டேன். பாதிக்கு மேல என் வீட்டுக்காரர்தான். “குளியலறைக் குழாயைச் சரிபண்றதை என் புருஷன் ரெண்டு வருஷமா புட் ஆஃப் பண்றார்.” “தோட்டத்துப் புல்லை வெட்டறதை புட் ஆஃப் பண்றார்.” “முடி வெட்டிக்கறதை...”

ஹலினா: பாவம் டி அவர். வகுப்புக்கே வராத மனுஷனைப் போட்டு...

வியோலா: வர்றதையும் புட் ஆஃப் பண்ணிட்டார், அது எட்டாவது! சரி, உங்களுக்கு ஒண்ணு எடுத்துத் தரேன். பல் டாக்டர். உலகத்துல பல் டாக்டரைத் தள்ளிப்போடாத ஆளே கிடையாது.

ஹலினா: ஆமா... பல் டாக்டர். நல்லா இருக்கு. இரு... “மே மாசம் வெச்சிருந்ததை ஜூனுக்கு புட் ஆஃப் பண்ணினேன்.”

வியோலா: காரணமும் சொல்லணும். டீச்சர் கேட்பாங்க.

ஹலினா: “ஏன்னா, மே மாசத்துப் பேர்ல ‘ர்’ இல்ல.”

வியோலா: ‘ர்’ இல்லையா!

ஹலினா: என்னடி?

வியோலா: அண்ணி.

ஹலினா: போர்வையை உதறு, சும்மா நிக்காதே.

வியோலா: நம்ம மொழியில மே மாசம் ‘மாய்’. அதுல ‘ர்’ இல்ல. ஜூன் ‘செர்வியெட்ஸ்’. அதுல இருக்கு.

ஹலினா: அதைத்தானே நானும் சொல்றேன்.

வியோலா: ‘ர்’ இருக்கற மாசமாப் பார்த்து வெச்சாத்தான் நிலைக்கும்னு நம்ம ஊர்ல எதுக்குச் சொல்வாங்க... பல்லுக்கா?

ஹலினா: பல்லும் நிலைக்கணுமில்ல!

வியோலா: அண்ணி!!

ஹலினா: கத்தாதே, பக்கத்து அறையில ஆள் இருக்காங்க.

வியோலா: என் கல்யாணத்துக்கு அம்மா காலண்டரை விரிச்சு வெச்சு ‘ர்’ தேடினாங்க. எங்க யாரெக் அண்ணனுக்கும் உங்களுக்கும் தேடினாங்க. பல் புடுங்கறதுக்கு யாரும் தேடி நான் பார்த்ததில்ல!

ஹலினா: வாய் தவறிடுச்சு...

வியோலா: அந்தப் பல் டாக்டர் பேரு என்ன?

ஹலினா: வேண்டாம் டி.

வியோலா: பேரு.

ஹலினா: ...ஃபின்டன்.

வியோலா: வெளுத்த துணி கொண்டுவர்ற வேன்காரரா! இந்த விரிப்பைக் கொண்டுவந்த ஃபின்டனா?

ஹலினா: ஏன் விரிப்பைக் கீழ போடறே? அது என்ன பண்ணுச்சு?

வியோலா: மரியாதைக்கு மெதுவா வைக்கறேன், அவ்வளவுதான். எத்தனை நாளா?

ஹலினா: சிரிக்கறியா, கோபமா இருக்கியா? ஒண்ணும் புரியல உன் முகத்துல.

வியோலா: எத்தனை நாளான்னு கேட்டேன்.

ஹலினா: ஒரு வருஷம். கட்டிக்கறியான்னு அவர் கேட்டது போன இலையுதிர் காலத்துல. வியோலா... கேளு. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். கல்லறைத் திருநாள் அன்னிக்கு சொல்லலாம்னு வந்தேன். நீ யாரெக்கோட கல்லைத் துடைச்சு, காத்துல அணையாம விளக்கைக் கையால மூடிக்கிட்டு நின்னே. புட் ஆஃப் பண்ணினேன்.

வியோலா: அது ஒரு வாக்கியம்.

ஹலினா: விளையாடாதே.

வியோலா: விளையாடல. சொல்லுங்க.

ஹலினா: கிறிஸ்துமஸ் விருந்துல சொல்லலாம்னு நினைச்சேன். மேஜையில அந்தக் காலித் தட்டு. யார் வந்தாலும் வரட்டும்னு நாம வைக்கறது. நீ அதையே பார்த்துக்கிட்டிருந்தே. சூப் ஆறிப்போச்சு உனக்கு. எப்படிச் சொல்றது? புட் ஆஃப் பண்ணினேன்.

வியோலா: ம்.

ஹலினா: ஜனவரில உனக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரிகிட்ட போய்...

வியோலா: காய்ச்சல்ல நீங்க எனக்கு மூணு பேராத் தெரிஞ்சீங்க. மூணும் நீங்கதான். யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்.

ஹலினா: மூணு பேருமா சேர்ந்துதான் பயந்தோம்.

வியோலா: நேத்து? நேத்து எனக்குக் காய்ச்சல் இல்லையே.

ஹலினா: நேத்து லிஃப்ட்ல நாம ரெண்டு பேர் மட்டும். மூணாவது மாடியிலேர்ந்து கீழ வர்றதுக்குள்ள சொல்லிடணும்னு முடிவு பண்ணினேன். இரண்டாவது மாடியில துடைப்பக்கட்டையோட அந்தப் போர்ச்சுகல் பொண்ணு ஏறிடுச்சு.

வியோலா: பாவம், அது பெரிய குத்தம் பண்ணிடுச்சு!

ஹலினா: சிரிக்காதே டி... எனக்கு அழுகை வருது, நீ சிரிக்கறே, எனக்கும் சிரிப்பு வருது. என்ன பொழப்பு இது.

வியோலா: அவரைப் பிடிச்சிருக்கா அண்ணி?

ஹலினா: நான் பேசி முடிக்கற வரைக்கும் காத்திருக்கார். இங்கிலீஷ்ல வார்த்தை தேடித் தடுமாறறப்போ, எடுத்துக் குடுக்க மாட்டார். நானே கண்டுபிடிக்கட்டும்னு வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பார். யாரெக் போன இந்த ஆறு வருஷத்துல எனக்கு அவ்வளவு நேரம் யாரும் குடுக்கல... பிடிச்சிருக்கு.

வியோலா: அப்புறம் எதுக்கு பயம்?

ஹலினா: அவரைப் பார்த்து இல்ல. உன்னைப் பார்த்து.

வியோலா: நான் என்ன பண்ணிடுவேன்?

ஹலினா: ஒண்ணும் பண்ண மாட்டே. அதான் பயம். “வாழ்த்துகள் ஹலினா”ன்னு சொல்லிட்டு, வேற யார்கூடவாவது படுக்கை போடக் கேட்டுக்குவே. யாரெக் போனதும் ஊருக்கே திரும்பிடலாம்னு நான் பெட்டியைக் கட்டினேன், ஞாபகம் இருக்கா? நீ வந்து, “கதவைத் திறங்க அண்ணி”ன்னு கூப்பிட்டே. அந்த ‘அண்ணி’ங்கற ஒரு வார்த்தைக்காகத்தான் பெட்டியைத் திரும்பப் பிரிச்சேன். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது அதுதான். இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டா... நான் உனக்கு யாரு, வியோலா?

வியோலா: விரிப்பை விடுங்க.

ஹலினா: பாதிதான் போட்டிருக்கு.

வியோலா: விடுங்க. உட்காருங்க.

ஹலினா: விருந்தாளி படுக்கையிலயா? மேற்பார்வைக்காரம்மா பார்த்தா...

வியோலா: பார்க்கட்டும். என் பத்தாவது வாக்கியத்தை இன்னும் நான் யார்கிட்டேயும் சொல்லல.

ஹலினா: இப்போ எனக்கு உன் புருஷனோட குழாய் கதையெல்லாம்...

வியோலா: குழாய் இல்ல. கேளுங்க. “மூணு வாரம் முன்னாடி துணி வேன்காரர் எங்க வீட்டு வாசல்ல நின்னு, உள்ளங்கையில எழுதி வெச்சதைப் பார்த்துப் பார்த்து, எங்க மொழியில, ஒரு வார்த்தைகூட உருப்படியா வராம, என்கிட்ட என் அண்ணியைப் பொண்ணு கேட்டார், அந்த நிமிஷமே சரின்னுட்டு, அண்ணிகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன், அவங்களே தானா வாயைத் திறக்கட்டும்னு, அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கறதை இன்னிவரைக்கும் நான்தான் புட் ஆஃப் பண்ணிட்டிருந்தேன்.”