அணில் பருவத்துக்கு ஒரு துப்பாக்கி

அணில் ஒரு தக்காளியை முழுதாகத் தின்றுவிட்டுப் போனால் எனக்கு மனம் ஆறிவிடும். ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த பழத்துக்குத் தாவுகிறதே, அதைத்தான் பொறுக்க முடிவதில்லை. எதற்காகத் துப்பாக்கி வாங்கப் போனேன் என்று கேட்டாய், லோவெல். கடைக்காரனிடம் நான் சொன்ன காரணம் இதுதான். பொய்யில்லை, என் தோட்டத்தை நீயே வந்து பார்க்கலாம்.

காப்பி சுமார்தான். ஷெரிஃப் அலுவலகத்தில் இதைவிட நன்றாகப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். உன் பெண்டாட்டி அவள் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து உனக்கு வீட்டிலும் நல்ல காப்பி கிடையாது என்று கேள்வி. சரி, அது எனக்கெதற்கு. நீ எழுதிக்கொள், நான் நிதானமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். உனக்கே சோளரொட்டி பரிமாறியிருக்கிறேன். அவசரப்பட்டுப் பேசிப் பழக்கமில்லை.

கார்லண்ட் சைஸ்மோர் பத்தொன்பது வருஷமாக எனக்குப் பக்கத்து வீடு. மரம் அறுக்கும் மில்லில் வேலை. அவன் மனைவி டிரெஸ்ஸியின் மணிக்கட்டை அவன் பிப்ரவரியில் உடைத்ததும், மார்ச்சில் அவள் தன் அக்கா நோவா வீட்டுக்குப் போய்விட்டதும், நீதிபதி மூன்று வருஷத்துக்கு இவன் கையில் துப்பாக்கியே இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததும் உனக்குத் தெரிந்ததுதான். ஐந்து துப்பாக்கிகளையும் வண்டியில் ஏற்றியவனே நீதானே. நான் சமையலறை ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் அப்பாவுடையதை நீ கடைசியாக எடுத்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எங்கள் கென்டக்கி மலைப்பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமை என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அணில் வேட்டை திறக்கிற நாள். மூடுபனி விலகுவதற்குள் ஹிக்கரி மரங்களுக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கும். யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் அணில்கறிக் குழம்பு மணக்கும். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆம்பளையைப் பார்த்து உடம்புக்கு என்ன என்றுதான் கேட்பார்கள்.

ஜூலை மாதம் கார்லண்ட் வேலியோரம் வந்து நின்றான்.

"இடெல்லாக்கா, எனக்கு ஒண்ணு வேணும். உங்க பேர்ல வாங்கணும்."

"எதுக்குடா?"

"அணிலுக்குத்தான், வேற எதுக்கு? இந்த வருஷம் எந்த மேட்டுக்குப் போறேன்னு மில்லுல கேக்குறானுங்க. கோர்ட்டு புடுங்கிட்டுதுன்னு எப்படிச் சொல்றது?"

"அவனுங்களுக்குத்தான் தெரியுமேடா."

"யாரு சொன்னா?"

நான் அவரைக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணம் அவனுடையது, தேர்வு என்னுடையது. மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அணிலுக்கு ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்றுகிற துப்பாக்கியே போதும் என்பார்கள் வேட்டைக்காரர்கள். சரிதான். ஆனால் கார்லண்டின் வலது கையில் இரண்டு விரலை மில் ரம்பம் எடுத்துக்கொண்டுவிட்டது. விரலில்லாதவனுக்கு, விசையை அழுத்தினால் ஒரு குண்டு போய் அடுத்தது தானாக ஏறிக்கொள்கிற துப்பாக்கிதான் தோது. அக்கறை இல்லாதவளாக இருந்தால் இதையெல்லாம் யோசித்திருப்பேனா?

அதில்தான் சிக்கலும் இருக்கிறது. அணில் துப்பாக்கிக்குப் போடுகிற இருபத்திரண்டு ரகத் தோட்டா சின்னது, எண்ணெய்ப் பிசுக்கு, கரி அதிகம். அதன் அடிப்பக்க விளிம்பில் துப்பாக்கியின் ஊசி தட்டினால்தான் வெடிக்கும். விளிம்பில் வெடிமருந்து சரியாகப் பரவியிருக்காவிட்டால் சும்மா 'டக்'கென்று நின்றுவிடும். தானாக ஏற்றுகிற துப்பாக்கியில் காலித் தோட்டா வெளியேறாமல் பல்லிடுக்கில் கறி மாட்டுவதுபோல மாட்டிக்கொள்ளும். மூன்று கடை ஏறி இறங்கினேன். நோஞ்சானாக ஒன்று, விசை கல்லுமாதிரி ஒன்று. கடைசியில் நகரத்தில் பர்ச்செட் கடையில் ஒன்றைக் கையில் வாங்கியதுமே தோளில் வந்து குழந்தைமாதிரி உட்கார்ந்தது.

பர்ச்செட் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "என்னக்கா, இந்த வயசுல வேட்டையா?"

"அணிலு என் வயசக் கேட்டுட்டா தக்காளி திங்குது?"

"அதுக்கு ஒரு காத்துத் துப்பாக்கி போதுமே. பத்து குண்டு போடுறது எதுக்கு? படையெடுத்தா வருது?"

"நீ என் தோட்டத்துப் பக்கம் வந்ததில்ல. உன் பொண்டாட்டிகிட்ட கேளு, அவதான் போன வாரம் வந்து தக்காளி பறிச்சுட்டுப் போனா. சொல்லாமத்தான்."

அவன் படிவத்தை நீட்டினான். அதில் ஒரு கேள்வி இருக்கிறது: இதை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்று. 'ஆம்' கட்டத்தில் குறி போட்டேன். கீழே, பொய் சொன்னால் என்ன தண்டனை என்று போட்டிருந்ததையும் படித்தேன். அதை அச்சடித்தவனுக்கு எங்கள் ஊர் தெரியாது. இங்கே ஒருவர் பேரில் இன்னொருவர் வாங்காத பொருள் என்ன இருக்கிறது? மருந்து, சாராயம், ஒரு தடவை பிணப்பெட்டிகூட.

துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு உண்டு. பக்கத்துவீட்டுத் துப்பாக்கி விரும்பித் தின்கிற தோட்டாவை இது துப்பும். அதனால் ஆறு தினுசு வாங்கி, பின்கட்டு வேலியில் காகிதத் தட்டுகளைக் குத்தி வைத்து, ஐம்பது அடி தள்ளி உட்கார்ந்து வரிசையாகச் சுட்டேன். ஊரே வாங்குகிற மலிவுத் தோட்டா பத்துக்கு இரண்டு தடவை மாட்டியது. பர்ச்செட் கடையில் தூசு படிந்து கிடந்த ஒரு தினுசைப் போட்டதும் ஐந்து குண்டும் ஒரே பொத்தான் அளவு ஓட்டையில் போயின. முந்நூறு போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. அதற்கப்புறம்தான் கார்லண்டிடம் கொடுத்தேன். குறி தப்பாத துப்பாக்கி இரக்கமுள்ளது, தம்பி. அரைகுறையாக அடிபட்ட அணில் கிளையிடுக்கில் கிடந்து துடிப்பதை நீயும் பார்த்திருப்பாய்.

இப்போது டிரெஸ்ஸியைப் பற்றிக் கேட்கிறாய். எனக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை. பத்தொன்பது வருஷம் காலைக் காப்பி என் வீட்டில்தான் குடித்தாள். மணிக்கட்டு உடைந்தது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஆனால் அவள் மூட்டை கட்டிக்கொண்டு போன அந்தச் செவ்வாய்க்கிழமை நான் முடிதிருத்துகிற கடையில், முடி உலர்த்துகிற சூடான தொப்பிக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் ரோட்டு மேக்ஸி உள்ளே வந்தாள். நாலு பொம்பளைகள் முன்னால் கேட்டாள்: "டிரெஸ்ஸி போயிட்டாளாமே. ஏன் இடெல்லா, உனக்கே தெரியாதா?"

எனக்கே தெரியாதா. அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை அவள்.

நான் மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவள் இல்லை. மறுவாரமே ஆப்பிள் கேக் சுட்டுக்கொண்டு நோவா வீட்டுக்குப் போனேன். டிரெஸ்ஸி வாசலிலேயே நின்று தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க இடெல்லாக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொன்னா ரோடு பூரா தெரிஞ்சுடும். நான் எப்ப வர்றேன் போறேன்னு அந்தாளுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? தட்டைக்கூட அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

கார்லண்ட் வேலியோரம் வந்து அவ எப்படி இருக்கா என்று கேட்பான். கண்ணால் பார்த்ததைச் சொல்வேன். புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனோடு சிரித்துப் பேசுகிறாள். சனிக்கிழமை காலையில் நோவா வீட்டுப் பின்தாழ்வாரத்தில், ஹிக்கரி மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறாள். கடைசியில் சொன்னதைப் பற்றி அவன் கேட்கவில்லைதான். பேச்சுவாக்கில் வந்தது.

வேட்டை திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

"அக்கா, இத நீங்களே பூட்டி வெச்சுக்குங்க. எனக்கு மனசு சரியில்ல."

"ஏன்டா, சரியா சுடலயா?"

"சுடுது. அதான் பயமா இருக்கு. கையில எடுத்தா நெனப்பு எங்கெங்கயோ போவுது."

"எங்க போவுது?"

"கேக்காதீங்கக்கா."

"மில்லுல என்ன சொல்லுவே?"

"காய்ச்சல்னு சொல்லிக்கறேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

அவன் கண் கலங்கியிருந்தது. குடித்திருக்கவுமில்லை. அவனை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததேயில்லை. அன்றைக்கே உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறாய். சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனுஷன் நம்பி ஒப்படைத்ததை ஊருக்குச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை விடிந்ததும் மேட்டில் சத்தம் தொடங்கிவிட்டது. நான் துப்பாக்கியை வெளியே எடுத்து, குழலைத் துடைத்து, அதற்குப் பிடித்த தோட்டாவைப் பத்தும் நிரப்பி, புல்வெளியைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். ஆறிப்போன காப்பிக்கு முன்னால் மில் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"ஊரே மேட்டுல இருக்கு. நீ மட்டும் பிள்ளபெத்தவளாட்டம் உள்ள உக்காந்திருக்கியா?"

"கொண்டுபோயிடுங்கக்கா."

மேஜைமேல் வைத்தேன். அவன் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் பிரம்பைப் பார்த்த பையன்கள் செய்வதுபோல.

"அந்த சிலிண்டர்க்காரன் வண்டி நேத்து சாயந்தரத்துலேருந்து நோவா வீட்டு முன்னாலதான் நிக்குது," என்றேன்.

பொய்யில்லை. நின்றுகொண்டுதான் இருந்தது. டயர் பஞ்சராகி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனான் என்பதை கார்லண்ட் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. பிறகு கையை வெளியே எடுத்தான்.

மேட்டைச் சுற்றி நோவா வீட்டுக்குப் பின்னால் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். மூன்று தடவை சுட்டிருக்கிறான். முதல் குண்டு பீன்ஸ் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தூணில் பட்டது. அது அவன் தப்பு, துப்பாக்கியைக் குறை சொல்லக் கூடாது. நோவாதான் உன்னிடம் சொன்னாளாமே, அந்தச் சத்தத்தைக் கேட்டு டிரெஸ்ஸி தலைகூடத் தூக்காமல், "யாரு வீட்டுலயோ இன்னிக்கு கொழம்பு," என்று சிரித்தாள் என்று. எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அடுத்த இரண்டும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. மூன்றடி தள்ளி நின்ற நோவாமேல் ஒரு கீறல் இல்லை. கண்டதை வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துப் பார். டிரெஸ்ஸி கஷ்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அது ஆறுதல்.

அந்தக் காகிதத்தை ஏன் என் பக்கம் திருப்புகிறாய்? கண்ணாடியில்லாமலே தெரிகிறது. தொலைபேசிக் கணக்கு. நான் மேக்ஸியைக் கூப்பிட்டது ஏழு இருபதுக்கு. குண்டுச் சத்தம் ஏழு நாற்பதுக்கு என்று நோவா சொல்கிறாள். உன் கடிகாரமும் அவள் கடிகாரமும் சரியாகத்தான் ஓடுகின்றன. கார்லண்ட் மேட்டில் பாதி தூரம்கூட ஏறியிருக்க மாட்டான். நோவா வீட்டு எண்ணும் எனக்கு மனப்பாடம்தான். ஆனால் கூப்பிட்டது மேக்ஸியை. "டிரெஸ்ஸி போயிட்டா, கார்லண்ட் சுட்டுட்டான், உனக்கே தெரியாதா?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வேறு யாராவது முந்திக்கொண்டிருப்பார்கள், லோவெல். இந்த ரோட்டில் யாருக்கும் நான் இன்றுவரை பொய்ச் செய்தி சொன்னதில்லை. அதுவும் பொய்யாகிவிடவில்லையே.