விளக்கு எரிந்தது, வண்டி நகர்ந்தது

நான் சண்டைக்காரன் இல்லை, சார். கீரைக்கட்டு வாடியிருந்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதற்காகவே என் மனைவி புஷ்பத்திடம் தினமும் ஏச்சு வாங்குகிறேன். தி. நகரில் முப்பது வருஷமாகத் துணிக்கடை. சேலையில் ஓர் இழை விட்டிருந்தாலும் காட்டிச் சொல்லித்தான் விற்பேன். வெள்ளைத்துரை கடை எப்படி என்று யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நான் வாங்கிய அந்தக் காரில் கியர் ஒரு வட்டத் திருகு. ‘பி’யில், அதாவது பார்க்கிங்கில், திருப்பினால் விளக்கு எரியும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், கைபிரேக்கும் தானாக விழும். விழ வேண்டும். வாங்கிய நாலாம் மாதமே, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, மந்தைவெளி வீட்டு வாசல் சரிவிலிருந்து உருண்டு தெருவைத் தாண்டி எதிர்ச்சுவரில் இடித்தது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியதால் சரிவு கொஞ்சம் செங்குத்து. நல்லவேளை, அன்று அங்கே யாரும் இல்லை.

ஏழு முறை புகார் கொடுத்தேன். ஏழு முறையும் ‘ஓட்டியவர் தவறு’ என்று எழுதி மூடினார்கள். இதே கார் வைத்திருக்கும் நாற்பது பேர் வாட்ஸப்பில் குழுவாகச் சேர்ந்தோம். நாற்பது பேருக்கும் அதே பதில். கடைசியில் சர்வீஸ் மேனேஜர் மகேஷ் டீ வரவழைத்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

“யாருக்காவது அடிகிடி பட்டுச்சா சார்? ஆள் சேதம்னா கம்பெனி தானா எறங்கி வரும். சும்மா செவுத்துல இடிச்சதுக்கு நாங்க இன்னா சார் பண்றது?”

அவர் பொய் சொல்லவில்லை. வழி சொன்னார்.

மூன்று மாதம் கவனித்தேன். இஞ்சின் சூடாக இருந்து, ஏசியும் ஓடி, ரிவர்ஸிலிருந்து நேராகப் ‘பி’க்குத் திருப்பினால், மூன்றுக்கு இரண்டு தடவை பூட்டு விழாது. அதையும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

கோபம் மகேஷ் மேல்தானே, அவரை விட்டுவிட்டு ஏன் இந்த இஸ்திரிக்காரி என்று கேட்டீர்கள். மகேஷ் என்றால் பகையில் செய்தது என்றாகிவிடும். பிறகு காரின் குறையை யார் பேசுவார்கள்? எனக்குப் பகையே இல்லாத ஆள் வேண்டும். எதிர்ச்சுவரை ஒட்டி இஸ்திரி வண்டி போட்டிருந்த அஃப்சருன்னிசாவோடு பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை தடித்ததில்லை. ரம்ஜானுக்கு அவள் வீட்டுக்கு என் கடைத் துணிதான் போகும்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் காரைப் பின்பக்கமாகச் சரிவில் ஏற்றிப் பாதியில் நிறுத்தினேன்.

“இன்னாண்ணே, நடு சரிவுல நிறுத்திக்கினு கீறீங்க? உருண்டுடப் போவுது,” என்றாள்.

“ரெண்டே நிமிஷம்மா. நீ உன் வேலையப் பாரு.”

விளக்கு எரிவதைப் படமெடுத்தேன். இறங்கிக் கதவைச் சாத்தி வீடியோவை ஓடவிட்டேன். நாலு வினாடி அசையவே இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பள்ளிக்கூடச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். வழியிலேயே முடிந்துவிட்டது.

இருபத்து மூன்றாம் நாள் கம்பெனி அறிவித்தது: பதினாலாயிரம் கார்களையும் திரும்ப வரவழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவார்களாம். ஒரு காரில் நாலு பேர் என்று வையுங்கள். எத்தனை உயிர்? ஏழு கடிதத்தால் ஆகாதது ஒரு காலையில் ஆனது. இதில் நான் தலைகுனிய என்ன இருக்கிறது?

வீடியோவில் என் கை நடுங்கவில்லை, குரலே கேட்கவில்லை என்கிறீர்கள். உண்மைதான். கத்தியிருந்தால் அவள் ஒதுங்கியிருப்பாள். கார் மறுபடியும் வெறும் சுவரில் இடித்திருக்கும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அடக்கம் முடிந்த அன்று அவள் மகள் உம்மே ஹானி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அந்தக் கம்பெனிக்காரனுங்கள வுடாதீங்க,” என்று அழுதாள். விடவில்லையே. தாயும் அப்படித்தான், அடுத்தவருக்கு ஒன்று என்றால் முதலில் நிற்பாள். நான் விஷயத்தை எடுத்துச் சொல்லிக் கேட்டிருந்தால், அவளே சரி என்றிருப்பாள், சார்.