கடைசி நேரத்துக்கு ஒரு ஆட்டக்காரி

கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா இருந்தார். பக்கத்தில் விசில் தொங்கும் கழுத்தோடு ஒரு பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் கோச்.

"அடுத்த மேச்சுல எம்மகள எறக்காதீங்க சார்," என்றார் அந்த அம்மா.

கோச் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் எறக்குங்கன்னுதான் என்கிட்டச் சண்டை போடுவாங்க. நீங்க என்னம்மா?"

"முழு ஆட்டமும் ஆடிட்டு வந்து ரெண்டு நாளா முட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா. உங்ககிட்டச் சொல்ல மாட்டா. சொன்னா டீம விட்டு எடுத்துருவீங்கன்னு பயம்."

"இந்த வருசம் சேந்தவங்கள்லயே அவதாம்மா கெட்டிக்காரி. அவ இல்லாட்டித் தோத்துருவோம்."

"தோத்துட்டு வாங்க. இந்த வருசந்தான சேந்திருக்கா? இன்னும் எத்தன வருசம் ஆடணும்!"

கோச் கழுத்து விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"தப்பு என்மேலதாம்மா. ஜெயிக்கிற ஆசையில அவள வெளிய எடுக்கவே மனசு வரல. மொதல்ல முட்டிய டாக்டர்கிட்டக் காட்டுங்க. சரியாகட்டும். அதுக்கப்புறமும் பாதி ஆட்டந்தான்."

"நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"ஏன் சார் பெஞ்சுல ஒக்கார வச்சீங்கன்னு அழுவாளே, அப்ப என்ன சொல்றது?"

"கடைசி நேரத்துக்கு ஒன்னைய ஒதுக்கி வச்சிருக்கேன்னு சொல்லுங்க. அவங்கப்பா கறிச்சோத்துல ஈரலத் தட்டு ஓரமா ஒதுக்கி வச்சுக் கடைசியாத்தான் திம்பாரு. அவளுக்குப் புரிஞ்சிரும்."