விற்கத்தான் சொன்னேன்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை அளவாக இருக்கிறது, ஐயா. என் கடைக்குப் பக்கத்தில் போடுகிறவர் பாகு காய்ச்சிக் கொடுப்பார். நீங்களும் நிதானமாகக் குடியுங்கள். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

உங்கள் குழப்பம் எனக்குப் புரிகிறது. என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவர்கள் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனாம். எப்படி என்று கேட்டால், ஒரு கம்பெனியின் பங்கை விற்கச் சொன்னேன் என்கிறார். அந்தப் பங்கு மண்ணைக் கவ்விவிட்டது. சரியாகச் சொன்னவன் மேல் என்ன வழக்குப் போடுவது என்று நீங்கள் முழிக்கிறீர்கள். மிச்சக் கதையைச் சொல்ல அவருக்கு வெட்கம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை என் பிழைப்பு. பங்குச் சந்தை என் ஆசை. நான் வாங்கிய பங்கு மறுவாரமே படுத்துவிடும். வெறுத்துப்போய் விற்றால் எழுந்து ஓடும். அதற்காக நான் மனம் தளர்ந்ததில்லை. ஞாயிறுதோறும் எல்லோருக்கும் மாமியார் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. எதை வாங்கலாம், எதை வைத்திருக்கலாம், எதைத் தள்ளிவிடலாம் என்று சாப்பிட்டபடியே எடுத்துச் சொல்வேன். கடையில் நான் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவார்கள். அந்த வீட்டில் மட்டும் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிடும். "பெரிய மாப்பிள்ளை பேசும்போது யாரும் குறுக்க பேசாதீங்க" என்பார் மாமியார். கை கழுவப் போவதாகச் சொல்லிக்கொண்டு சகலை போனோடு எழுந்து போவார். அவர்கள் மாடி எடுத்தார்கள், கார் வாங்கினார்கள். அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து, "என் பேச்சைக் கேட்டா இப்படித்தான்" என்று பெருமையடித்துக்கொண்டவன் நான்.

ஒரு ஞாயிறு மனைவியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பியவன், பாதி வழியில் ஹெல்மெட்டை மறந்தது தெரிந்து திரும்பினேன். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதையும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சகலையின் குரல்.

"அண்ணன் அந்த மருந்துக் கம்பெனிய வாங்கச் சொல்லிட்டாரு, அத்தை. நம்மகிட்ட இருக்கிறத நாளைக்கே வித்துடுவோம்."

"மெதுவா சிரிங்க. அவர் காதுல விழுந்து வாயை மூடிக்கிட்டார்னா, அப்புறம் யார் பேச்சைக் கேட்டு நாம மாத்திச் செய்யறது?" என்றார் மாமியார்.

கூடவே சிரித்த இன்னொரு குரல் என் மனைவியுடையது.

வலித்தது, ஐயா. மறைக்க மாட்டேன். வேறொருவராக இருந்தால் உள்ளே போய் ஒரு ஆட்டம் ஆடியிருப்பார். நான் சண்டைக்காரன் இல்லை. ஹெல்மெட்டை அடுத்த வாரம் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் நான் முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அதுவரை நான் பார்த்தது கம்பெனியின் பெயரையும் விலையையும் மட்டும்தான். இப்போது ஆண்டறிக்கைகளை வரி விடாமல் படித்தேன். கடைக்கு வருகிறவர்களை அந்தப் பொடி எழுத்துகளையே வாசிக்கச் சொல்லிக் கண் பார்த்தேன் என்றால் பாருங்கள். கடைசியில் ஒரு குளிர்சாதனக் கிடங்குக் கம்பெனி அகப்பட்டது. ஏட்டில் லாபம் பொங்கி வழிந்தது. வங்கிக்குக் காசு வந்து சேரவில்லை. தணிக்கையாளர் பாதியிலேயே விலகியிருந்தார். முதலாளி தன் பங்குகளை எல்லாம் அடகு வைத்திருந்தார். வெளியே மட்டும் எல்லோரும் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் அந்தச் சமயத்தில்தான் தன் பெயரில் இருந்த மனையை விற்றிருந்தார். கடைசிக் காலத்துக்கு அவரிடம் இருந்தது அந்தப் பணமும் ஒரு நல்ல மியூச்சுவல் ஃபண்டும்தான். எனக்குத் தெரியும். அவர்தான் பத்திரத்தைக் காட்டி என்னிடம் யோசனை கேட்டார்.

ஞாயிறு வந்தது. "கிடங்குக் கம்பெனி பங்கு இருந்தா இன்னைக்கே வித்துடுங்க. அது விஷம். அத்தையோட ஃபண்டு அருமையா போகுது, அதை மட்டும் தொடாதீங்க" என்றேன். சகலை பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார்.

சாப்பாடு முடிந்ததும் மாமியார் என்னைத் தனியாகச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, நெஜமாவே விக்கணும்னுதான் சொல்றீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா விக்கணும், அத்தை."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் வாழ்நாளில் அதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை. மறுநாளே ஃபண்டை எடுத்து, மனை விற்ற பணத்தையும் சேர்த்து, மொத்தத்தையும் அந்தப் பங்கில் போட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாள் பங்கு ஏறத்தான் செய்தது. எனக்குச் சாப்பாட்டில் தனி கவனிப்பு. பிறகு முதலாளி தலைமறைவானார், பங்கை வாங்க நாதியில்லாமல் போயிற்று. மாமியார் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறார். ராத்திரி இருமினால் நான்தான் தண்ணீர் எடுத்துக்கொடுக்கிறேன். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது அவர் இஷ்டம்.

பொறாமையா? எனக்கு எதற்கு, ஐயா? அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது அப்பழுக்கில்லாத உண்மை. அதைத் தலைகீழாகச் செய்வார்கள் என்று தெரிந்தே சொன்னேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மாமியார் காசு போகும் என்று தெரியுமா என்றால், தெரியும். கண்ணாடிக்காரன் நான், எல்லாம் துல்லியமாகத் தெரிந்துதான் செய்தேன்.

அப்படியானால் கடையை அடகு வைத்து நானும் அதே பங்கை ஏன் வாங்கினேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அது விஷம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தினமும் ஏறிக்கொண்டே போனது. சகலை வேறு கையிருப்பு மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டினார். நீங்களே சொல்லுங்கள், அந்த மனுஷன் வாங்கின பங்கு என்றைக்காவது விழுந்திருக்கிறதா?